சிரிப்புக்கு முன்னால் ஒரு கேள்வி

சிரிப்பு திரையில் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அதற்குள் கலையரசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

மலையடிவாரத்து வேங்கிக்காலில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறை. மலையில் மரம் நடுகிறவர்களைப் பற்றி அவனே இயக்கி, அவனே எடிட் செய்த ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் சந்திரகலா. மரக்கன்றுகளை வளர்த்துத் தருபவள் அவள்தான். படத்தில் பேசியிருப்பவளும் அவள்தான்.

படம் காட்டக் கூப்பிட்டது சாக்கு. இந்த ஒரு இடத்தைச் சேர்ந்து பார்த்துவிட்டு, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

திரையில் அவன் குரல் கேட்டது. காலம் பூரா இந்த மலையடிவாரத்திலேயே இருந்துவிடச் சம்மதமா?

திரையில் இருந்த சந்திரகலா தலையைக் குனிந்து சிரித்தாள். நாலு நொடி.

அந்தச் சிரிப்பை அவன் பார்த்த தடவைக்குக் கிரிவலம் போயிருந்தால் இந்நேரம் மோட்சமே கிடைத்திருக்கும். பார்க்கப் பார்க்க நம்பிக்கை ஏறி, நேற்று அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் பார்த்து வைத்திருந்த போளூர் வரனை வேண்டாமென்று சொல்ல வைத்துவிட்டான். அம்மா அழுதாள். பாவமாகத்தான் இருந்தது.

நாற்காலியில் இருந்த சந்திரகலா முகம் சுருங்கத் திரும்பினாள்.

"ஏங்க, கேமரா புடிச்ச கோபி அண்ணன் தொப்பியக் குரங்கு புடுங்கிட்டு ஓடுச்சே, அப்ப சிரிச்சதுதானே இது? இந்தக் கேள்விய எங்கிட்ட எப்பங்க கேட்டீங்க?"

கலையரசனுக்கு அப்போதுதான் குரங்கு ஞாபகம் வந்தது. படத்தின் கௌரவத்துக்குப் பொருந்தவில்லை என்று கோபியின் அலறலை அவனேதான் வெட்டி எறிந்திருந்தான்.

கேள்வி? அதைக் கேட்டது படம் பிடித்து ஒரு மாதம் கழித்து. இதே அறையில், எதிரொலி வராமலிருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கிடம். அப்போது அறையில் வேறு யாருமே இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்து அவன் சிரித்ததுண்டு. அவன் அதற்கென்று கம்ப்யூட்டரே வாங்கியிருந்தான்.

இப்போது போர்வை இல்லை. எதிரில் அவளே இருக்கிறாள். நேராகக் கேட்டுவிடலாம். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டீ வாங்கிட்டு வரட்டுமாங்க?"

சரிங்க என்றாள்.

நல்லவேளை, மைக் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓடியிருந்தால் அந்தச் ‘சரிங்க’வை எந்தக் கேள்விக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டியிருப்பான் என்று அவனுக்கே தெரியும்.