இன்னும் திட்டு

புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து எழிலரசனை யாரும் திட்டுவதில்லை. எப்போதும் வம்பிழுக்கும் நண்பன் அன்வர்கூட, "சாப்டியாடா?" என்று கனிவாகக் கேட்டான். அந்தக் கனிவுதான் எழிலைக் கலவரப்படுத்தியது. கீமோ வார்டில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், சலைன் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டே நடந்தான். அன்வர் நீட்டிய ஆறிய கஞ்சியை வாங்கி, அன்வரின் சட்டையில் வேண்டுமென்றே கவிழ்த்தான்.

"பரவால்லடா, விடு," என்றான் அன்வர்.

"டேய், புதுச் சட்டைடா!" என்று சீண்டினான் எழில்.

"சட்டைதானே."

எழில் மிச்சத்தை அன்வரின் தலையில் ஊற்றினான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அறிவுகெட்ட நாயே! முடிதான் கொட்டிருச்சு, மூளையுமா கொட்டிருச்சு?" என்று கத்திய அன்வர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

எழில் அன்று முதல்முறையாகக் கட்டிலில் உட்கார்ந்தான். "நிறுத்தாதடா. இன்னும் திட்டு."

கஞ்சி வழிய நின்ற அன்வர், வாயிலிருந்து கையை எடுக்காமலே, மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.