கேள்விக்குறிக்குப் பின்னால்

சுருளிப்பட்டித் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கடியில் திலீபனின் அப்பா தங்கப்பாண்டியும் தாய்மாமன் சுருளிவேலும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அரியர் அத்தனையும் பாஸானாத்தான் தை மாசம் எம்பொண்ணு கழுத்துல இவன் தாலி கட்டலாம்,” என்றார் மாமா. “ஏலே திலீபா, போட்டோ கீட்டோ எடுத்துட்டு வராத. அதையெல்லாம் வெட்டி ஒட்டிருவீக. காலேஜு வெப்சைட்டையே எங்கண்ணுல காட்டணும்.”

திலீபன் பம்புசெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போனில் மாமா மகள் திரிஷா காத்திருந்தாள். போடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை.

“ரிசல்ட் பக்கம் வந்திருச்சா மச்சான்? மேல அட்ரஸைப் பாரு. நடுவுல ஒரு கேள்விக்குறி இருக்கா?”

“இருக்கு.”

“அதுக்கு முன்னால உள்ளது காலேஜோட விலாசம். அதுல கை வைக்காத. பின்னால உள்ளது நாம சர்வருக்குக் கொடுத்துவிடுற துண்டுச்சீட்டு மாதிரி. அங்கன ஒரு பக்கம் தயாரா இருக்கும். பேரு, முடிவுன்னு கட்டம் மட்டும் காலியா கிடக்கும். சீட்டுல என்ன எழுதியிருக்கோ, அதை அந்தக் கட்டத்துல நிரப்பி அனுப்பிரும்.”

“நெசமான்னு பாக்காதா?”

“பாக்கச் சொல்லி நாமதான எழுதணும்? இதைச் செஞ்ச புண்ணியவான் எழுதாம விட்டுட்டாரு. ரிசல்ட்னு போட்டு ஒரு சமக்குறி இருக்குல்ல, அதுக்கு அடுத்த வார்த்தையை மட்டும் மாத்து.”

“இது மோசடியில்லையா புள்ள?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்கிறாக. நாம ஒண்ணே ஒண்ணுதான சொல்றோம். தட்டு.”

வியர்த்த விரலால் ஒரு சொல்லை அழித்து, இன்னொன்றை அடித்தான். பக்கம் புதிதாக வந்தது. காலேஜ் சின்னம், பெயர், பதிவு எண் எல்லாம் அப்படியே இருந்தன. முடிவு மட்டும் அவன் சொன்னபடி கேட்டது.

மாமா போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அட்ரஸை எழுத்துக் கூட்டிப் படித்தார். “காலேஜு பேருதான் போட்டிருக்கு.” பக்கத்தைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மச்சான்,” என்று போனை அப்பாவிடம் நீட்டினார் மாமா. “அப்பறம் என்ன, பேசுனது பேசுனபடிதான்.”

அப்பா பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

போன் கைக்கு வந்ததும் திலீபன் மறுபடி பம்புசெட் அறைக்கு ஓடினான். “நம்பிட்டாக.”

“அப்பாடா. நீ ஒன் ஷெரினுக்குச் சொல்லிரு, நான் என் அஜய்குமாருக்குச் சொல்லிக்கிறேன்,” என்று திரிஷா வைத்துவிட்டாள்.

எல்லாப் பாடத்திலும் பாஸாகியிருந்த திலீபன், தன் கையாலேயே தன்னை ஃபெயிலாக்கிய அந்த அட்ரஸை ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டு அழித்தான்.