புகார் கவுன்டரில் ஒரு மாஸ்க்

இனி மாஸ்க் கட்டாயமில்லை என்று சுற்றறிக்கை வந்து ஒரு மாதமாகியும் புகார் கவுன்டர்க்காரர் மட்டும் கழற்றவில்லை. டீ குடிக்கக்கூடத் தனியாகப் போய்விடுவார். மேனேஜருக்கு உறுத்தியது. அறைக்குள் கூப்பிட்டார்.

“உடம்புக்கு ஏதாவதா? மறைக்காம சொல்லுங்க.”

“நல்லாத்தான் இருக்கேன் சார்.”

“வீட்ல யாருக்காவது?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல சார்.”

“அப்புறம் எதுக்கு இது? பக்கத்து சீட்டுக்காரங்க பயந்துபோய் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கறாங்க. கோபமே வராத ஊழியர்னு ரெண்டு வருஷமா உங்களுக்குத்தான் விருது கொடுத்திருக்கோம். நீங்களே இப்படி மர்மமா இருந்தா எப்படி?”

அவர் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அந்த விருதே இதாலதான் சார். கத்துற ஒவ்வொருத்தரையும் மாஸ்க்குக்குள்ள சத்தமில்லாம திட்டித் தீர்த்துடுவேன். இப்ப பழக்கமாயிடுச்சு. கழட்டினா வாய் காட்டிக் கொடுத்துடும்.”

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் சட்டென்று நிறுத்தினார்.

“ஆமா, நான் உங்களைச் சத்தம் போடுறப்ப?”

“உங்களைப் போயி அப்படிச் செய்வேனா சார்?” என்றார் அவர் பணிவாக.

பேசி முடித்த பிறகும் மாஸ்க் அசைந்துகொண்டே இருந்தது.