வழியனுப்ப வந்த தெரு

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர தின வாரம். காஜா பெராங் தெருவில் வடிவாம்பாள், மூட மறுத்த டிரங்குப் பெட்டியின் மேல் கணவன் ஏகாம்பரத்தை உட்கார வைத்தாள்.

அந்தத் தெருவில் கப்பலேறாதவள் அவள் ஒருத்திதான். இந்தியாவுக்குப் போன அத்தனை பேருக்கும் மாலை போட்டு அழுதிருக்கிறாள். அவளுக்காக யாரும் அழுததில்லை. இப்போது "பயணம் போறேன்" என்று மட்டும் தெருவுக்குச் சொல்லியிருந்தாள்.

"வாந்தி வரும் வடிவு, எலுமிச்சம்பழம் வச்சுக்க" என்றாள் எதிர்வீட்டுச் சந்திரமதி, நாகப்பட்டினம் வரை போய் வந்தவள்.

"சரிக்கா."

"எதுக்குடி இவ்வளவு..." என்றார் ஏகாம்பரம்.

"நீங்க நல்லா அழுத்தி உக்காருங்க."

ஆற்றங்கரையில் தெருவே கூடியது. கழுத்து நிறைய மாலை விழுந்தது. வடிவாம்பாள் ஈரமாகாத கண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படகில் ஏறினாள். ஏகாம்பரம் பெட்டியோடு பின்னால் ஏறினார்.

"கப்பல் வெளியே கடல்ல நிக்குதா? இனி உன் முகத்தை எப்போடி பாக்கறது?" என்று விம்மினாள் சந்திரமதி.

"அரை மணி நேரத்துலக்கா. மெர்டேக்காவுக்கு விட்ட படகு இது. முகத்துவாரம் வரைக்கும் சுத்திக் காட்டிட்டு இங்கேயே இறக்கி விட்டுடுவாங்க."

படகு நகர்ந்தது.

"யாரும் வீட்டுக்குப் போயிடாதீங்க! வரவேற்க ஆள் வேணும்!"