மடக்குக் கோப்பை

"எங்க வீட்டுக் கோப்பையில குடிச்சா ஒங்களுக்கு என்னங்க ஆயிரும்?"

பெண்ணின் அப்பா மாணிக்கராஜ் கேட்ட விதத்தில், முன்னறையில் இருந்தவர்கள் வடை மெல்லுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பின்னே, பெண் கேட்டு வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய் செய்கிற காரியமா அது? அலுமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பைகளை இறக்கி, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, மாணிக்கராஜின் மனைவி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். செபஸ்தியம்மாவின் முறை வந்தது. அவள் கைப்பையைத் திறந்து, பச்சை நிறத்தில் ரொட்டி மாதிரித் தட்டையாக ஒன்றை எடுத்தாள். இரண்டு விரலால் இழுத்தாள். அது கோப்பையாக எழுந்து நின்றது.

"எனக்கு இதுல ஊத்திருங்க மதினி" என்று நீட்டினாள்.

அவள் மகன் றிச்சர்ட் எல்ல என்னும் மலையூரில் கைட். வெள்ளைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போய், கூடாரம் அடித்துத் தங்கவைப்பது அவன் தொழில். அப்படி வந்த ஒருத்தி ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன சிலிக்கோன் கோப்பை அது. மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். றிச்சர்ட் அதை அம்மாவுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியானாலும் சாவு வீடானாலும் அது இல்லாமல் செபஸ்தியம்மா வாசல்படி தாண்டுவதில்லை.

"அம்மாவுக்கு அது ஒரு பழக்கம் மாமா" என்றான் றிச்சர்ட். அவன் ஏற்கெனவே குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்திருந்தான்.

"காட்டுல படுக்கப் போனா மடக்குக் கோப்ப வேணுந்தான் தம்பி. இது வீடு."

"இல்லண்ணே... டொக்டர் சொல்லியிருக்காரு..." என்று செபஸ்தியம்மா இழுத்தாள்.

"வடையச் சாப்பிடுங்க, கோப்பைய மட்டும் தொட்டுறாதீங்கன்னா சொன்னாரு?"

செபஸ்தியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாணிக்கராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையை முன்னால் இழுத்துக் கட்டி, தரைக்கு டைல்ஸ் பதித்து, தலை நிமிர்ந்து வாழ்கிறவர். தோட்டத்து ஆள்தானே என்று யாராவது முகத்தைச் சுளித்தால் அவருக்குத் தாங்காது.

"எங்கப்பாவுக்குச் சந்திக் கடையில தேங்காச் செரட்டையிலதாங்க தேத்தண்ணி குடுத்தானுங்க. மத்தவனுக்கெல்லாம் கிளாஸ். பக்கத்துல நின்னு பாத்தவன் நான். அன்னைக்கே முடிவு பண்ணேன், என் வீட்டுக்கு யாரு வந்தாலும் ஒரே கோப்பதான்னு. பாதரும் இதுலதான் குடிக்கிறாரு, கொழுந்து லொறிக்காரனும் இதுலதான் குடிக்கிறான். ஆண்டவர் முன்னால மேல என்ன, கீழ என்ன? எல்லயில வெள்ளக்காரங்களோட பழகிட்டா, லயத்து ஆளுங்க ஒங்களுக்கு அருவருப்பாப் போயிட்டமா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லண்ணே!"

"அப்ப இந்தாங்க." பூப்போட்ட கோப்பை ஒன்றில் தானே தேத்தண்ணியை ஊற்றி அவள் முன் நீட்டினார். "குடிச்சீங்கன்னா இன்னைக்கே நாள் குறிப்போம். இல்லாட்டி வேன எடுக்கச் சொல்லுங்க."

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற அவர் மகள் ஷிரோமி திரைத்துணியை இறுகப் பற்றிக்கொண்டாள். றிச்சர்டைத்தான் கட்டுவேன் என்று அழுது, சாப்பிடாமல் கிடந்து அப்பாவை இறங்கிவர வைத்தவள் அவள். "வேதம் ஒண்ணு, பையன் ஒழைக்கிறான். இனி என்னத்த விசாரிக்கிறது?" என்று அவர் சம்மதித்ததே பெரிய புண்ணியம். அந்தக் கல்யாணம் இப்போது ஒரு வாய்த் தேத்தண்ணியில் வந்து நின்றது.

"அம்மா, வாங்கிக் குடிச்சிருங்களேன்" என்று றிச்சர்ட் கெஞ்சினான்.

செபஸ்தியம்மா கையை நீட்டினாள். பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. இவ்வளவு நல்ல மனுசன ஏமாத்த எனக்கு மனசு வரல." அவள் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நீங்க பேசுனதக் கேட்டதுக்கு அப்புறந்தான் எனக்குத் தைரியமே வருது. ஒங்க கோப்பைய நான் அருவருப்பா நெனைக்கலண்ணே. எங்கப்பா தோட்டத்துல வாசக்கூட்டி. சாக்கடக் கான் கூட்டி, கக்கூஸ் கழுவுனவரு. அவரு மகள்னு தெரிஞ்சா, நான் குடிச்ச கோப்பைய நான் படியெறங்குறதுக்குள்ள ஒடைப்பாங்க. அந்தச் சத்தத்த எத்தனையோ வீட்டுல கேட்டிருக்கேன். என்னால யாரு வீட்டுச் சாமானும் ஒடைய வேணாம்னுதாண்ணே இதத் தூக்கிட்டுத் திரியிறேன்."



ஷிரோமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா விஷயம்! அப்பாவை அவளுக்குத் தெரியாதா? செரட்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தழுதழுக்கிற மனிதர். இப்போது இந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அழுவார்.

மாணிக்கராஜ் அழவில்லை. நீட்டிய கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அதுக்கென்னங்க. அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். கோபம் எல்லாம் போய், குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. ஆட்கள் குடித்துவிட்டு வைத்த காலிக் கோப்பைகள் தட்டில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சிறிது நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாப்பிள்ளைப் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"தம்பி, இதுல நீங்க குடிச்சது எந்தக் கோப்ப?"