ரேடியோ அக்கா பேசவில்லை

கீழே இறங்கு என்று சொல்வதற்காக அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

எதிரில் இருந்த திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. ஒன்று பெரிய விமானம். முப்பதாயிரம் அடியில் தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று சின்னது. அப்போதுதான் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது இருபத்தொன்பதாயிரத்தில் ஏறுவதை நிறுத்தவேண்டும்.

நிறுத்தவில்லை.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்த எண்கள் சிவப்பாகி மினுங்கின.

விமானங்களுக்கு வழி சொல்லும் அந்த அறையில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ஆளாளுக்கு ஒரு ரேடியோவோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருத்திக்கு மட்டும் இந்தப் பெயர் விழுந்திருக்கிறதென்றால், அவள் வாய் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவைத்தபடியே பேசுவாள். மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று இவள் போட்ட கூப்பாட்டில், மகள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் திணித்துவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து, மகள் எதை ஓட்டினாலும் அம்மா மூச்சுவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இவள் சொன்னதை விமானி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் அந்தக் கொடுப்பினை ஏது?

சற்று முன்புதான் சின்ன விமானத்திடம் இருபத்தொன்பதாயிரம் என்றாள். இருபத்தொன்பதாயிரம் என்று விமானியும் வெகு பணிவாகத் திருப்பிச் சொன்னார். அந்தப் பணிவைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இப்போது சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இருபத்தொன்பதாயிரத்து நானூறு என்று காட்டியது திரை.

பேசும் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்தப்போன நேரத்தில், சின்ன விமானத்திலிருந்து குரல் முந்திக்கொண்டது. மோதல் தடுக்கும் கருவி உத்தரவு கொடுத்துவிட்டது, இன்னும் மேலே ஏறுகிறோம் என்றது.

மேலே.

அவள் சொல்ல இருந்தது கீழே.

அந்தக் கருவி இரண்டு விமானத்திலும் இருந்தது. ஆபத்தாக நெருங்கினால் இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துக்கொள்ளும், நீ மேலே போ, நான் கீழே போகிறேன் என்று. விமானிகள் அதைத்தான் கேட்கவேண்டும். உத்தரவு வந்துவிட்டது என்று விமானி சொன்ன நொடியிலிருந்து தரையில் இருப்பவர் குறுக்கே பேசக் கூடாது. கருவி ஒன்று சொல்லி மனிதர் ஒன்று சொன்னால், ஒரு விமானி இதைக் கேட்பார், மற்றவர் அதைக் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பக்கம் போனால் முடிந்தது கதை.

சரி என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி.

பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்தாள், வலித்தது.

திரையில் எண் மாறுவதற்குச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் சொல்ல அவளிடம் என்னென்னவோ இருந்தது. இறக்கு. திருப்பு. ஏன் நிறுத்தவில்லை? கண் எங்கே போயிருந்தது? எல்லாம் தொண்டைவரை வந்து முட்டின. அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த நாற்காலியில் இத்தனை வருஷத்தில் இப்படிப் பயந்ததே இல்லை.

எண்கள் மாறின. சின்னது ஏறியிருந்தது, பெரியது இறங்கியிருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தன.

கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

மறுபடியும் மாறின. இப்போது சின்னது மேலே இருந்தது, பெரியது கீழே இருந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே புள்ளியாகத் தெரிந்தன.

பிறகு இரண்டாகப் பிரிந்தன.

ஆபத்து விலகியது என்று பெரிய விமானம் சொன்னது. சின்னதும் சொன்னது. அதன் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் இரண்டுக்கும் புது உயரம் கொடுத்தாள். இரண்டும் அப்படியே திருப்பிச் சொல்லின.

தோளில் ஒரு கை விழுந்தது. இப்படி ஒன்று நடந்துவிட்டால், அப்போது பொறுப்பில் இருந்தவரை அன்றைக்கு மேற்கொண்டு அந்த நாற்காலியில் உட்காரவிடுவதில்லை. "எந்திரிங்கக்கா, இனி நான் பாத்துக்கறேன்" என்றார் மேலாளர்.

ஓய்வறையில் யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். ரேடியோ அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்தது. வேலை நேரத்தில் பூட்டிவைக்கும் அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்து, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது அடித்தது. மகள்.

தரையிறங்கிவிட்டாள். பயணிகள் எல்லோரும் போய்விட்டார்கள். சின்ன விமானத்தின் வலது பக்க விமானி இருக்கையிலிருந்து அவள் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அம்மா காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல மேலன்னு அது கத்திட்டே இருந்துச்சும்மா. ஆனா நீ மட்டும் கீழன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கீழதாம்மா இறக்கியிருப்பேன்."