தாய் கிச்சன்

“என் புருஷனுக்குத் தினம் சோறு போடறவ யாருடி? நீதானா?”

ஹரிப்ரியா கவுண்டரில் ஓங்கித் தட்டினாள். கல்லாவில் நின்ற காவ்யாவின் சிவப்பு நகப்பூச்சைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்ட் எதிரே, ‘தாய் கிச்சன்’ பலகைக்குக் கீழே பார்சலுக்காக நின்ற கூட்டம் போனிலிருந்து தலை நிமிர்ந்தது.

“மேடம், மெல்லகா மாட்லாடண்டி. சத்தம் போடாதீங்க, இது கடை.”

“போடுவேன்! மூணு மாசமா வூட்ல ஒரு வாய் துன்றதில்ல அந்தாளு. கேட்டா, தாய் சாப்பாடு துன்னுட்டேன், பசிக்கலன்றாரு. நூடுல்ஸுக்கா ஒரு மனுஷன் இப்டி அலைவான்?”

புருஷன் ரகுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். நகரியில் மாமியாரோடு தெருவே கூடுகிற மாதிரி சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் வந்தபோது, “இனி அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று திருமலை அடிவாரத்து அலிபிரியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன். இன்றுவரை மிதிக்கவில்லை. அப்பேர்ப்பட்டவனை எவளோ வளைத்துப் போட்டுவிட்டாள் என்றால் பொறுக்குமா?

கவுண்டர் மூலையில் ஒரு டப்பா தனியாக இருந்தது. மேலே ‘ரகு சார்’ என்று எழுதியிருந்தார்கள். வெடுக்கென்று எடுத்துத் திறந்தாள். நூடுல்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. களியும் கருவாட்டுக் குழம்பும்.

“இதான் உங்க தாய்லாந்து சாப்பாடா? இது மெனுவுல எங்க கீது?”

“லேது மேடம், மெனுவுல இல்ல... சாருக்குன்னு மாஸ்டர் தனியா செய்வாங்க.”

“மாஸ்டர் மேல பழியப் போடறியா? குடும்பத்தக் கெடுக்க வந்தவளே! உன்ன இங்கியே நாறடிக்காம போவ மாட்டேன்!”

காவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, “மாஸ்டர்! கொஞ்சம் வெளிய வாங்க!” என்று கத்தினாள்.

கதவு திறந்தது. தலையில் வலைத்தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் கரண்டி. ஹரிப்ரியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த மாஸ்டர் நிதானமாக மாஸ்க்கைக் கழற்றினாள்.

ஹரிப்ரியா டப்பாவை மூடிக் கவுண்டரில் வைத்தாள்.

“அவன் என் வாசப்படிய மிதிக்கல. சத்தியம் சத்தியமாத்தான் கீது,” என்றாள் மாமியார் வள்ளியம்மாள். கரண்டியை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஏன்டி, தாய் சாப்பாடுன்னு எம்புள்ள உண்மையதானே சொன்னான்?”